பேசாத கலம்

"முடியாதும்மா. அந்தக் கட்டளையை அனுப்ப முடியாது" என்றார் விண்வெளி மைய இயக்குநர், காபிக் கோப்பையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எதிரே உட்கார்ந்திருந்த அவளுக்குச் சுருக்கென்றது. படிப்பு முடிந்து வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்கு எல்லாமே அந்த விண்கலம்தான். ஆளில்லாமல் சனி கிரகம்வரை போய், கால் வைக்கத் தரையே இல்லாத அந்த வாயுக் கோளத்தைச் சுற்றிச் சுற்றிப் படம் அனுப்பிக்கொண்டிருந்தது. போன மாதம் மேகங்களை உரசுகிறாற்போலத் தாழப் பறந்தது. அதோடு பேச்சு மூச்சில்லை.

"சார், அது சாகல. பேசற ரேடியோதான் கெட்டிருக்கணும். உள்ள மாற்று ரேடியோ இருக்கே, அதைப் போடச் சொல்லிப் பார்ப்போம்."

"அதைப் போடணும்னா கரண்ட் பத்தாது, ஹீட்டரை நிறுத்தணும். நீ நினைச்சது தப்பாப் போச்சுன்னா அந்தக் குளிர்ல ஒரேயடியா உறைஞ்சிடும். நேத்து நீயேதானே சொன்ன?"

"சும்மா விட்டாலும் போயிடத்தானே போகுது!"

"அதுவாப் போறது வேற, நாம கொல்றது வேற."

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். காலை பத்து மணி ஆகப்போகிறது. ஒரு மணிக்கு அவர்களுடைய பெரிய டிஷ் ஆன்டெனாவை வேறொரு கலத்துக்கு ஒதுக்கிவிட்டார்கள். அப்புறம் கூப்பிடவும் முடியாது, கேட்கவும் முடியாது.

"நம்ம குரல் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம், பதில் வர ஒன்றரை மணி நேரம். இப்பவே அனுப்பினாத்தான் சார் உண்டு. உங்க கால்ல வேணா விழறேன்."

"விழுந்தா நான்தான் தூக்கி விடணும். எனக்கு இடுப்பு வலி." அவர் இன்னொரு கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினார். "ஊர்ல எல்லாரையும் சனி பிடிக்கும். நாம சனியைப் பிடிக்கப் போனோம். ஆசை தீரப் பார்த்தாச்சு. விடு. உன் வீட்டுக்காரர் சமையல் எப்படி இருக்கு?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிடுமூஞ்சி என்று எல்லோரும் இவருக்குப் பெயர் வைத்திருந்தார்கள். கல்மூஞ்சி என்று வைத்திருக்க வேண்டும்.

"சாப்பிடற மாதிரி இருக்கு" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"அதுவே பெரிசு. என் சமையலைச் சாப்பிட்டு என் வீட்டம்மா ரெண்டு நாள் எங்கிட்டப் பேசல."

அவர் பேசிக்கொண்டே போனார். பேச்சுக்கு நடுவே அவரும் அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்தார். எப்போதடா இவள் எழுந்து போவாள் என்று காத்திருக்கிறார்போல என்று நினைத்துக்கொண்டாள். முள் பத்தைத் தாண்டியது. இனி அனுப்பியும் பயனில்லை.

எழுந்தாள்.

"நான் வீட்டுக்குப் போறேன் சார். ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா அது பேசியிருக்கும். நீங்கதான் கூப்பிட விடல. சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன்."

"மறக்காதே. உட்காரு, காபி ஆறுது."

உட்காரவில்லை. தன் மேசைக்குப் போய், அங்கிருந்த சாமான்களைப் பைக்குள் திணித்தாள். இத்தனை வருஷச் சாமான், அதற்கே அரைமணிக்கு மேல் ஆனது.

அப்போது கட்டுப்பாட்டு அறையில் ஆபரேட்டர் பெண் அலறினாள்: "அக்கா! ஓடி வாங்க! திரையில கோடு துள்ளுது!"

ஓடினாள். ஒரு மாதமாகப் படுத்த படுக்கையாகக் கிடந்த பச்சைக் கோடு எழுந்து ஆடிக்கொண்டிருந்தது. எண்கள் வரிசையாக வந்து விழுந்தன. கலம் பேசியது, மாற்று ரேடியோ வழியாக.

அவள் அழுதாள், சிரித்தாள், ஆபரேட்டரைக் கட்டிக்கொண்டாள். பிறகு சட்டென்று நிமிர்ந்தாள்.

"இரு, நான் கட்டளையே அனுப்பலையே! இப்ப பதில் வருதுன்னா, மூணு மணி நேரத்துக்கு முந்தியே யாரோ அனுப்பியிருக்கணும்..."

வாசலில் சாய்ந்து நின்றிருந்த இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"நீங்க எல்லாரும் வர்றதுக்கு முந்தியே அனுப்பிட்டேன்."

"அப்புறம் ஏன் சார் முடியாது முடியாதுன்னீங்க?"

"அது உறைஞ்சு போயிருந்தா, உன் யோசனையாலதான் செத்துச்சுன்னு ஆயுசு முழுக்க நீ அழுதிருப்ப. அனுப்பவே இல்லன்னு நினைச்சிருந்தா, கூப்பிட விடாத பாவின்னு என்னைத் திட்டிக்கிட்டு நிம்மதியா இருந்திருப்ப, இல்லையா?"