மாடி வீட்டு மௌனம்

“பாட்டை நிறுத்துடி கவியா! நாளைக்குப் பௌர்ணமி. கிரிவலம் சுத்திட்டு சாமி மௌனத்தை முடிக்கிறாரு. ஒரு நாள் பொறுக்கக் கூடாதா? விரதம் கெட்டா குத்தம் நம்ம தலையில.”

மாடியில் குடியிருக்கும் வெள்ளைக்காரச் சாமி ஐந்து வருஷமாக வாய் திறந்ததில்லை. எதுவானாலும் சிலேட்டில் தமிழில் எழுதிக் காட்டுவார். அவருக்காகவே கஸ்தூரி விசில் போடும் குக்கரைப் பரணில் ஏற்றிவிட்டுச் சட்டியில் பருப்பு வேகவைக்கிறாள்.

“அம்மா, இது லண்டன் பங்க் ராக். நாப்பது வருஷம் முன்னாடி ஒரே ரெக்கார்டு போட்டுட்டு காணாமப் போன பேண்டு. அன்னிக்கு யாரும் சீந்தல, இப்பத்தான் தேடித் தேடிக் கேக்கறாங்க.”

“தகர டப்பாவை உருட்டற மாதிரி இருக்கு!”

மாடிப்படியில் சாமி வந்து நின்றார். கஸ்தூரி ஓடிவந்து கைகூப்பினாள்.

“கோச்சுக்காதீங்க சாமி, இதோ நிறுத்திடுவா!”

சாமி சிரித்தபடி கையமர்த்தினார். கால் தாளம் போட்டது.

“பாத்தியாம்மா, சாமியே ரசிக்கிறாரு! டிரம்ஸ் என்னா அடி பாருங்க சாமி! பாடறவன்தான் மோசம். தொண்டை கட்டின காக்கா மாதிரி கத்தறான்.”

சாமியின் சிரிப்பு மறைந்தது. கை சிலேட்டைத் தேடியது. அது மாடியில் இருந்தது.

“எனக்கு அன்னிக்கு ஜலதோஷம்மா!”