நகராத பக்கம்

வேதப் புத்தகத்தை மாதம் ஒருமுறை முடித்துவிடுவதில் மூத்த மருமகளுக்கு ஏகப் பெருமை. இளையவள் மாதக்கணக்கில் ஒரே பக்கத்தோடு உட்கார்ந்திருப்பதைக் கண்டால் அவள் நாக்கு சும்மா இருக்காது.

"என்னடி, இன்னும் எழுத்துக் கூட்டிக்கிட்டு இருக்கியா?"

"இந்த இடத்தைத் தாண்ட முடியலக்கா."

"கொண்டா இப்படி!" வெடுக்கென்று பிடுங்கி, ஒரே மூச்சில் வாசித்தாள். "'உனக்குத் தீங்கு செய்தவரை மனதார மன்னித்துவிடு.' இவ்வளவுதானே? இதுல என்னத்தை முட்டிக்கிட்டு நிக்கிற?"

"என் தங்கச்சியைப் பத்தி மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் பண்ணி, இல்லாததும் பொல்லாததும் சொல்லிக் கல்யாணத்தை நிறுத்தினது நீங்கதான்னு எனக்குத் தெரியும். தினமும் முயற்சி பண்றேன்க்கா. இன்னிக்கும் முடியல."

பக்கத்தைத் திருப்பப்போன மூத்தவளின் விரல் அப்படியே நின்றுவிட்டது.