பாலம் தாங்குமா?

"என்னங்க, தனியா சிரிக்கறீங்க?"

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி கேட்டாள். மேஜர் கம்ப்யூட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"முதல்மார்க்கு மாட்டினான்."

முதல்மார்க்கு என்றால் பக்கத்து வீட்டு மேஜர். இருவரும் ஒன்றாகப் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள். ஒரே முகாம், ஒரே சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் குடித்தனம். இப்போது ஒரே தொலைதூரப் படிப்பு வேறு. வேலை நாளெல்லாம் பரேடும் ஆபீசும். விடுமுறையில் வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் வகுப்பு. தலைமை தாங்குவது எப்படி, தளபதியின் பக்கத்தில் இருந்து யோசனை சொல்வது எப்படி என்று பாடம்.

அந்த வகுப்பில் ஒரே ஒருவருக்குத்தான் ஸ்டாஃப் காலேஜில் நேரில் போய்ப் படிக்க இடம். அங்கே போனவர் கர்னல் ஆகாமல் இருந்ததில்லை.

இதுவரை நடந்த எல்லாப் பயிற்சியிலும் பக்கத்து வீட்டுக்காரர்தான் முதல் மார்க். மேஜருக்கு வயிறு எரிந்தது. சும்மா இல்லை, நன்றாகவே எரிந்தது. அந்த வீட்டில் யாராவது சிரித்தால்கூட எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவார்.

மனைவியும் லேசுப்பட்டவள் இல்லை. "அந்தம்மா நடையே மாறிப்போச்சு. இப்பவே கர்னல் பொண்டாட்டின்னு நினைப்பு. போகப்போற வீட்டுக்குத் திரைச்சீலை பார்க்கறாங்களாம்" என்று தன் பங்குக்கு எண்ணெய் ஊற்றுவாள்.

இப்போது துணியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். "எப்படி மாட்டினார்? சொல்லுங்க."

மேஜர் திரையில் இருந்த வரைபடத்தைக் காட்டினார்.

"இந்த வாரம் பயிற்சியில அவன்தான் தளபதி. நாங்கள்லாம் அவனுக்குக் கீழே. நான் சப்ளை அதிகாரி. டாங்கிகளையெல்லாம் இந்த ஆத்துப் பாலம் வழியா அனுப்பறானாம். பாலத்துக்குப் பக்கத்துல என்ன குறிச்சிருக்கு பார். லாரி போகலாம், அதுக்கு மேல தாங்காது. டாங்கி ஏறினா பாலமும் ஆத்துல, டாங்கியும் ஆத்துல."

"அவர் பார்க்கலையா?"

"பார்க்கலை. பாலம் தாங்குமான்னு பார்த்துச் சொல்றது சப்ளை அதிகாரி வேலை."

"அப்ப நீங்கதானே சொல்லணும்?"

"எதுக்கு? நல்ல பேரு வந்தா அவனுக்குத்தானே போகுது? கெட்ட பேரையும் அவனே வாங்கிக்கட்டும்."

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாதே?"

"எனக்கென்ன? திட்டம் அவனோடது."

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. முதல்மார்க்குதான்.

"நாளைக்கு வகுப்புல திட்டத்தை விளக்கணும்ப்பா. முழுசாப் படிச்சியா? உன் கண்ணுல ஏதாவது பட்டுதா?"

மேஜர் மனைவியை ஒரு பார்வை பார்த்தார்.

"பிரமாதம்ப்பா. கை வைக்க இடமே இல்லை."

போனை வைத்ததும் மேஜர் வரைபடத்தை மூடினார். மனைவி துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் வகுப்பு. திரையில் கட்டம் கட்டமாக அதிகாரிகளின் முகங்கள், மேலே பாடம் நடத்தும் கர்னல். நம் மேஜர் மேலுக்கு இஸ்திரி போட்ட சீருடைச் சட்டையும், மேஜைக்குக் கீழே வீட்டு அரைக்கால் சட்டையுமாக உட்கார்ந்திருந்தார்.

முதல்மார்க்கு விளக்கி முடித்தார். கர்னல் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"இந்தப் பாலம் டாங்கியைத் தாங்குமா?"

"தாங்காது சார்."

இப்போதுதான் தெரிந்ததாக்கும் என்று மேஜருக்கு உள்ளுக்குள் இனித்தது.

"உங்க சப்ளை அதிகாரி சொல்லலையா?"

இனிப்பு அப்படியே சப்பென்று போயிற்று. கேள்வி இந்தப் பக்கம் திரும்பும் என்று மேஜர் கனவிலும் நினைக்கவில்லை. சட்டைக் காலருக்குள் வேர்த்தது.

"சொன்னார் சார்" என்றார் முதல்மார்க்கு.

"அப்புறம் ஏன் திட்டத்தை மாத்தலை?"

"நீங்கதான் சார் வகுப்பு வரைக்கும் மாத்தக் கூடாதுன்னீங்க."

கர்னல் வாய்விட்டுச் சிரித்தார்.

"ஆமா. அந்தத் தப்பை வைக்கச் சொன்னதே நான்தான். இந்த வாரப் பரீட்சை தளபதிக்கு இல்லை, அவருக்குக் கீழே இருந்த உங்களுக்கு. தளபதி தப்புப் பண்றப்போ தப்புன்னு சொல்ல ஆள் இருக்கான்னு பார்த்தேன். பார்த்துட்டுப் பேசாம இருக்கறவன் நிஜப் போர்ல ஆளைக் கொன்னுடுவான். அப்படிப்பட்டவனுக்கு ஸ்டாஃப் காலேஜ்ல இடமே கிடையாது." பிறகு மேஜரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "சொன்னது நீங்க ஒருத்தர்தான். இந்தத் தடவை முதல் மார்க் உங்களுக்கு. இடத்துக்கும் உங்க பேரை எழுதப்போறேன்."

"நன்றி சார்" என்ற குரல் மேஜருக்கே கேட்கவில்லை.

திரை அணைந்ததும் அவரால் உட்கார முடியவில்லை. இத்தனை நாள் யாரைப் பார்த்துப் பொருமினாரோ, அந்த மனுஷன் கூசாமல் ஒரு பொய்யைச் சொல்லிக் காப்பாற்றிவிட்டான். தன் கைக்கு வரவேண்டிய இடத்தையும் தூக்கிக் கொடுத்துவிட்டான். வெட்கம் பிடுங்கித் தின்ன, அரைக்கால் சட்டையோடே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்.

முதல்மார்க்கு கதவைத் திறந்து அவரை மேலும் கீழும் பார்த்தார். "என்னப்பா கோலம் இது?"

மேஜருக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்காக எதுக்குப்பா கர்னல்கிட்ட அப்படி ஒரு பொய் சொன்னே?"

"பொய்யா?" முதல்மார்க்கு விழித்தார். "நேத்து நீ போனை வச்ச கையோட உன் வீட்டிலேர்ந்து தங்கச்சி வந்தாங்களே. பாலம் தாங்காதாம், போன்ல சொன்னா அண்ணன் மனசு கஷ்டப்படும்னு அவர்தான் என்னை அனுப்பினார்னாங்க. நீ அனுப்பலையா?"