ஏழாம் கட்டிலுக்கு ஒரு அக்கா

"கூட யாரு வந்திருக்கா?"

எலும்பு முறிவு வார்டு நர்ஸின் குரல் காண்டாமணி மாதிரி அதிர்ந்தது.

ஏணியிலிருந்து விழுந்து கால் உடைந்த பெயின்டர், ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே அக்கம்பக்கம் பார்த்தார். "யாருமில்ல சிஸ்டர். நான் ஒண்டிக்கட்டை."

"துணைக்கு ஆள் இல்லாம இங்க சேர்க்க மாட்டோம். ரூல்! ஆபரேஷன் முடிஞ்சு நீங்க மயக்கத்துல கிடந்தா, ரத்தம் வாங்க, மருந்து வாங்க யாரு ஓடுவா? இத்தனை கட்டிலுக்கும் நான் ஒருத்திதான்!"

"இன்னைக்கே பண்ணலைன்னா கால் கோணலாயிடும்னு டாக்டர் சொன்னாரே. அப்புறம் நான் எப்படி ஏணி ஏறிப் பொழைக்கிறது?"

"அதை ரூல் போட்டவங்ககிட்ட கேளுங்க!"

போனைக் காதில் வைத்துக்கொண்டு நர்ஸ் விறுவிறுவென உள்ளே போய்விட்டார்.

"கொஞ்சபாவது இரக்கப் இருக்கா பாருங்க!" என்றார், பக்கத்துக் கட்டில்காரருக்குத் துணையாக வந்திருந்த, மூக்கடைத்த ஜலதோஷக்காரர். "இதுல போன் அரட்டை வேற!"

"கல்லுல நார் உரிச்சாலும் உரிக்கலாம், இவங்ககிட்ட முடியாது" என்றார் அவர் மனைவி.

சற்று நேரத்தில், கையில் பிளாஸ்க்கும் கூடையுமாக ஒரு அம்மாள் மூச்சிரைக்க வந்தார்.

"அடப்பாவி! காலை உடைச்சுக்கிட்டு, அக்காகிட்ட ஒரு வார்த்தை சொன்னியாடா?"

பெயின்டர் திருதிருவென விழித்தார். அந்த அம்மாள் அவர் தோளில் நறுக்கென்று கிள்ளினார்.

"ஆ... அக்கா!"

வார்டு வாசல் காவலாளி குறுக்கே வந்தார். "இருங்கம்மா. போன வாரம் லாரி டிரைவருக்கு மாமியார்னீங்க. நேத்து தையல்காரருக்குச் சித்தி. இன்னைக்கு இவருக்கு அக்காவா?"

"எங்களுது பெரிய குடும்பம் தம்பி!"

"சிஸ்டர்! இந்தம்மா ஏதோ புரோக்கர் மாதிரி தெரியுது. வெளிய அனுப்பிடவா?"

வார்டே காதைத் தீட்டிக்கொண்டது.

நர்ஸ் வெளியே வந்தார். "துணைக்கு ஆள் இருக்கணும்னுதான் ரூல். சொந்தத்தை உரசிப் பார்க்கச் சொல்லி இல்ல. ஏழாம் கட்டில்ல ஏத்துங்க. ஆபரேஷனுக்கு ரெடி பண்ணணும்!"

ஸ்ட்ரெச்சர் உருண்டது. வலியையும் மீறி பெயின்டர் சிரித்தார். "அக்கா, பார்த்து வாங்க, தரை வழுக்கும்."

கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போன அந்த அம்மாளின் காதருகே நர்ஸ் குனிந்தார்.

"அம்மா, நாலாம் கட்டிலுக்கு அவசரமா ஒரு பெரியப்பா வேணும். அப்பா வீட்டுல சும்மா டிவிதானே பார்த்துக்கிட்டிருக்காரு, சட்டையை மாட்டிக்கிட்டு வரச் சொல்லு!"