விரலிடுக்கில் ஒரு கோடு

லக்சனாவின் விரலிடுக்கில் உருப்பெருக்கி வில்லையை வைத்ததுமே தெரிந்துவிட்டது.

வில்லை பூட்டிய என் கைபேசியின் திரையில் நெளிந்து போகும் ஒரு வெள்ளைக் கோடு. அதன் நுனியில் கபில நிறத்தில் ஒரு சின்ன முக்கோணம். சொறிப் பூச்சி தோலுக்குள் வழி தோண்டி, தலையைக் காட்டிக்கொண்டு கிடந்தது.

பிள்ளைக்கு ஆறு வயது. அம்மை என்று உடம்பெல்லாம் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசியிருந்தார்கள். சொறிந்த இடங்களில் சீழ்.

"அம்மாள் வருத்தம்தானே டொக்டர்?" என்றாள் தாய் சிவரூபி. சல்லிக் கிராமத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள்.

நான் ஏசுகிற ஆள். லிங்கநகரில் என் கிளினிக்குக்கு வருகிறவர்களுக்கு அது தெரியும். ஒரு களிம்போடு போகிற சொறியை ஒன்றரை மாதமாக வீட்டில் வைத்துக் கும்பிட்டிருக்கிறாள். நல்லாய்க் கொடுக்கலாம் என்று வாயைத் திறந்தேன்.

"இவளின்ர தம்பிக்கும் வந்தது. புண்ணாகி, முகம் வீங்கி, மூச்செடுக்க ஏலாமல்... அம்மாள் கொண்டுபோட்டா. நேற்றுத்தான் முப்பத்தோராம் நாள் கிரியை செய்தனாங்கள்."

கோபம் போன இடம் தெரியவில்லை. சொறிப் புண்ணின் சீழ் அவனுடைய சிறுநீரகத்தைப் பிடித்திருக்கும்; வீக்கமும் மூச்சுமுட்டும் அதனால்தான்.

அம்மாள்தான் என்று சொல்லிவிடலாம். பாவம், நிம்மதியாகப் போவாள். ஆனால் அம்மாள் என்றால் இந்தப் பிள்ளைக்கும் மருந்து பூசமாட்டாள்.

திரையை அவள் பக்கம் திருப்பினேன்.

"இது அம்மாள் இல்லை, பிள்ளை. பூச்சி. இண்டைக்கு இரவு வீட்டில எல்லாரும் உடம்பு முழுக்க இந்தக் களிம்பைப் பூசுங்கோ. ஒரு கிழமையால, ஏழு நாள் கழிச்சு, இன்னொருக்கா. புண்ணுக்கு மருந்து வேறயாத் தாறன்."

அவள் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை.

பிறகு தன் கைபேசியை எடுத்து ஒரு படத்தைத் திறந்தாள். வீட்டுக்கு அம்மாள் வந்திருக்கிறா என்று கட்டாரிலிருக்கும் புருஷனுக்கு அனுப்ப எடுத்த படம். செத்துப்போன தம்பி, நாலு வயது நிலக்சன், விரல்களை விரித்துக் கையைக் காட்டிக்கொண்டு நின்றான்.

இரண்டு விரலால் அந்தக் கையைப் பெருப்பித்து என்னிடம் நீட்டினாள்.

"இவனுக்கும் இதுதானோ?"

மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன்.

"படம் தெளிவில்லை, பிள்ளை. சொல்ல ஏலாது."

சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில், அக்காவுக்கு இருந்த அதே இடத்தில், அந்த வெள்ளைக் கோடு நெளிந்து போனது.