இரைச்சல் இல்லாத பெட்டி

ஜெபசீலன் ஸ்பீக்கர் துணியில் காதை ஒட்டவைத்துக் கேட்டார். ஒன்றும் கேட்கவில்லை.

இன்னும் அழுத்தி வைத்துக் கேட்டார். ஊகூம். கொசு முனகல்கூட இல்லை.

"இன்னா சார், கெட்டுப் பூடுச்சா?" என்றார், வாசலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த கேசவன்.

"இல்ல கேசவன். இந்த ஒண்ணும் கேக்காததுக்குத்தான் எட்டு மாசம் பாடுபட்டேன்!" ஜெபசீலன் சந்தோஷத்தில் பெட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார்.

கேசவன் அந்த அடுக்ககத்தின் வாட்ச்மேன். கிட்டார் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் இந்த ஆம்ப்ளிஃபயரைப் பற்றி அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. அவரை உட்காரவைத்திருந்தது துணைக்கு.

ரயில்வே சிக்னலில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்த ஜெபசீலன், பக்கத்தில் இன்னோர் ஆள் இல்லாமல் கரண்ட் ஓடும் கம்பியில் கை வைத்ததே கிடையாது. ஷாக் அடித்து விழுந்தால் சுவிட்சை அணைக்க ஒருவர் வேண்டும். இந்தப் பெட்டிக்குள் ஓடுவதோ முந்நூறு வோல்ட்டுக்கு மேல்.

ஊரப்பாக்கத்து மூன்றாம் மாடி வீட்டில் அவரைவிட்டால் வேறு யார் இருக்கிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் கேசவனைக் கூப்பிட்டு, டீ போட்டுக் கொடுத்து, அந்த நாற்காலியில் உட்காரச் சொல்லிவிடுவார்.

இந்த வயதில் மனிதருக்குக் கிட்டார் ஆசையைப் பார் என்று லிஃப்டில் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

பெட்டியின் முன்பகுதி லேசான வேலைதான். ஸ்பீக்கரை அதிரவைக்கிற கடைசிப் பகுதி இருக்கிறதே, அந்தப் பவர் பகுதிதான் அவரைப் படாத பாடு படுத்தியது.

பழைய ரேடியோக்களில் ஒளிருமே, அந்தக் கண்ணாடி வால்வு, அதில் ஒன்றே ஒன்று போட்டால் வேலை சுலபம். ஆனால் 'ங்ங்ங்' என்று ஓர் இரைச்சல் கூடவே வந்து தொலைக்கும். இரண்டு வால்வு போட்டு, ஒன்று தள்ள மற்றது இழுக்கும்படி அமைத்தால், ஒன்றின் இரைச்சலை மற்றது அடக்கிவிடும். அதற்கு இரண்டும் அச்சாக ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

கல்யாணத்துக்குப் பார்ப்பது போல ஜோடிப் பொருத்தம் பார்த்து வால்வுகளை வரவழைத்தார். திருமுடிவாக்கத்தில் ஸ்டெபிலைசருக்கு டிரான்ஸ்ஃபார்மர் சுற்றிக்கொடுக்கும் சாம்பசிவனிடம் கெஞ்சிக் கூத்தாடி, இரண்டு பாதியும் சுற்றுக்குச் சுற்று சமமாக இருக்கும்படி ஒன்று செய்து வாங்கினார். முதலில் சுற்றிய இரண்டைச் சரியில்லை என்று திருப்பிக் கொடுத்தபோது சாம்பசிவன் குதித்த குதி, அப்பப்பா!

இத்தனைக்கும் ஜெபசீலனுக்குக் கிட்டாரில் 'ச'கூட வாசிக்கத் தெரியாது.

மூலையில் உறைக்குள் சாய்ந்திருந்த கிட்டார் அவர் மனைவி தபீதாளுடையது. சபையின் பாடகர் குழுவில் இருபத்தாறு வருஷம் வாசித்தவள். வீட்டிலிருந்த பழைய ஆம்ப்ளிஃபயர் இரைகிறது, பாட்டே ஓடவில்லை என்று அவள் அலுத்துக்கொள்ளாத நாளில்லை.

மகள் ஜெரூஷாவின் பிரசவத்துக்காகத் தபீதாள் மெல்போர்ன் கிளம்பிய அன்று மீனம்பாக்கம் விமான நிலையத்தில் அவளிடம் வாக்குக் கொடுத்தார், நீ திரும்பி வருவதற்குள் இரைச்சலே இல்லாத பெட்டி ஒன்று தயாராக இருக்கும் என்று.

ஆறு மாதத்தில் வருவதாகப் போனவள். எட்டாகிவிட்டது. பேரன் தவழ்கிறானாம். எப்போது வருகிறாய் என்று கேட்டால், பார்க்கலாம் என்கிறாள். பெட்டியை முடித்துவிட்டால் அவள் வந்துவிடுவாள் என்று மனிதர் தனக்குள் முடிவு கட்டி வைத்திருந்தார். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அந்த நம்பிக்கையில்தான் இத்தனை மாதம் தனியாகச் சோறு வடித்துச் சாப்பிட்டார்.

தபீதாளை வீடியோ காலில் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கருக்கு நேரே நீட்டினார்.

"கேக்குதா?"

"ஒண்ணும் கேக்கலையேங்க."

"அதான்! அதேதான்!"

தபீதாள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! அவருக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

"சொன்ன மாதிரியே செஞ்சுட்டீங்க" என்றாள். "ஏங்க, மாப்பிள்ளையோட தம்பி ஜேசன் அடுத்த மாசம் இங்க வர்றாரு. அவர்கிட்ட கிட்டாரைக் குடுத்து விட்டுடுங்களேன். இங்க தமிழ் சபையில வாசிக்க ஆளே இல்ல."

அப்படியென்றால் நீ எப்போது வருகிறாய் என்று கேட்க அவர் வாயெடுத்தார். அதற்குள் அங்கே குழந்தை வீறிட்டது. அவள் முகம் அந்தப் பக்கம் திரும்பியது.

"சரிம்மா. குடுத்து விடறேன்" என்றார்.

போனை வைத்தபிறகு வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. பெட்டி நன்றாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது. அந்த அமைதியை அவரால் தாங்க முடியவில்லை.

சுவிட்சை அணைத்தார். சூடு ஆறும்வரை பொறுத்திருந்து, துணியால் பிடித்து, ஒரு வால்வை மட்டும் உருவி மேசைமேல் வைத்தார். டிரான்ஸ்ஃபார்மருக்கு ஆகாத காரியம். அவருக்குத் தெரியாததா?

மறுபடியும் சுவிட்சைப் போட்டார். சற்று நேரத்தில் 'ங்ங்ங்' என்று ஆரம்பித்து, இரைச்சல் ஹால் முழுக்கப் பரவியது.

கேசவன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"ஆங்! இப்பதான் சார் ஓடுது!"

"ஆமா கேசவன்" என்றார் ஜெபசீலன். "இன்னொரு டீ போடறேன். கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போங்க."