மஞ்சள் பிசுக்கு

"அதைக் கீழே வை, லோர்னா! வேக்குவம் கிளீனரை உள்ளே விட்டா கம்ப்யூட்டர் செத்தே போயிடும்!"

கத்தியவர் பக்கத்து வீட்டு டெல்பர்ட். போன வாரம் வாங்கிப்போன கேக் தட்டைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில், கதவைக்கூடத் தட்டாமல் சமையலறைவரை வந்துவிட்டிருந்தார். அமெரிக்காவின் வடக்கே, பிப்ரவரி மாத மின்னசோட்டாவில் ஏரியே கல்லாக உறைந்து கிடக்கும்; டெல்பர்ட்டின் நாக்கு மட்டும் உறைவதில்லை.

"ஏன் சாகணும்? தூசி அடைச்சு அடிக்கடி அணைஞ்சு போகுது. உறிஞ்சி எடுத்தா சரியாயிடும்," என்றார், பின்னறைக் கம்ப்யூட்டரைச் சமையலறை மேசையில் கொண்டுவந்து வைத்திருந்த லோர்னா, குழாயை விடாமல்.

"உறிஞ்ச உறிஞ்ச அந்தக் குழாயிலே கரண்ட் சேரும். ஒரு பொறி பட்டாப் போதும், உள்ளே இருக்கிற சிப் எல்லாம் காலி. தள்ளு, நான் பாக்கறேன்."

"உனக்கெதுக்கு சிரமம், டெல்? நானே தொடைச்சுக்கறேன். நீ போய் டிவி பாரு."

"டிவியிலே என்ன இருக்கு? ஒரு கம்ப்யூட்டரைத் திறந்தா அந்த வீட்டுக் கதை மொத்தமும் உள்ளே இருக்கும். பூனை வளர்க்கறாங்களா, நாய் வளர்க்கறாங்களா, பெருக்கறாங்களா இல்லையா... எல்லாம் அந்த விசிறியிலே ஒட்டிக்கிட்டிருக்கும். வெண்டல், ஒயரைப் பிடுங்கு."

லோர்னாவின் கணவர் வெண்டல் சொன்னபடி பிடுங்கினார். டெல்பர்ட் தன் வீட்டுக்கு ஓடிப்போய், அழுத்திய காற்று அடைத்த டப்பாவும் மருந்துக்கடை ஆல்கஹாலும் எடுத்துவந்தார். மிச்சமிருக்கும் கரண்ட் இறங்க பட்டனை ஒருமுறை அழுத்தி, இரும்புப் பெட்டியைத் தொட்டுவிட்டு, மூடியைக் கழற்றினார். விசிறி சுழலாதபடி ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, டப்பாவை நிமிர்த்தி வைத்து விட்டு விட்டு ஊதினார்.

தூசி பறந்தது. அதற்கு அடியில் இருந்தது பறக்கவில்லை. மஞ்சளாக, பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருந்தது.

டெல்பர்ட்டின் முகம் மலர்ந்தது. பஞ்சுக்குச்சியை ஆல்கஹாலில் நனைத்து விசிறியின் இறக்கையில் தேய்த்தார். குச்சி டீ நிறத்துக்கு மாறியது. மூக்கருகே கொண்டுபோனார்.

"ஆஹா! இது சிகரெட் புகை!"

வெண்டல் அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திரும்பாமல் என்ன செய்வார்? போன வருடம் புத்தாண்டு அன்று, சர்ச் விருந்தில், ஊரே பார்த்திருக்க, புருஷனும் பெண்டாட்டியும் சிகரெட்டை விடுவதாகச் சபதம் போட்டிருந்தார்கள். லோர்னா பிடிபட்டால் வியாழக்கிழமை பிங்கோ ஆட்டம் அதோடு சரி. வெண்டல் பிடிபட்டால், உறைந்த ஏரியின்மேல் மீன்பிடிக்க அவர் நிறுத்திவைத்திருக்கும் மரக்குடிலை விற்றுவிட வேண்டும். அந்தக் குடில் இல்லாமல் ஒரு குளிர்காலமா? வெண்டலுக்கு நினைத்தாலே மூச்சு முட்டும். லோர்னாவோ இப்போது மற்றவர்களுக்கு உபதேசம் செய்கிற அளவுக்குத் தேறிவிட்டார். வெண்டலால்தான் விட முடியவில்லை. நேற்றுகூட ஊதித் தள்ளியிருந்தார்.

"இந்தக் கம்ப்யூட்டர் உங்க மக போன கோடையிலே வாங்கித் தந்ததுதானே?" டெல்பர்ட் மெதுவாகக் கேட்டார். "அப்படின்னா சபதத்துக்கு அப்புறம் வந்தது..." பார்வை நேராக வெண்டல்மேல் வந்து நின்றது.

"அது... அது வந்து... பேக்கன் பன்றிக்கறி வறுக்கிற புகையா இருக்கும்," என்றார் வெண்டல். குரல் கீச்சென்று வந்தது.

"அதேதான்!" லோர்னா சட்டென்று பிடித்துக்கொண்டார். "தெனம் காலையிலே நான்தானே வறுக்கறேன். கொழுப்புப் புகை போய் அப்பியிருக்கும்."

"அடுப்பு இங்கே இருக்கு. கம்ப்யூட்டர் பின்னாடி ரூமிலே இல்ல இருந்தது?"

"என் பேக்கன் வாசனை உன் வீடுவரைக்கும் வருது, நீயும் மோப்பம் பிடிச்சுக்கிட்டு தட்டோட வந்து நிக்கறே. பின்னாடி ரூமுக்குப் போகாதா?"

லோர்னா அந்தப் பஞ்சுக்குச்சியை டெல்பர்ட்டின் கையிலிருந்து பிடுங்கிக் குப்பையில் எறிந்தார்.

"சந்தேகப்படறதுக்கு வேற ஆளைப் பாரு, டெல். என் வெண்டல் தங்கம்!"

தங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி நம்புகிறவளையா ஏமாற்றுகிறோம் என்று தலையைக் குனிந்துகொண்டது.

மிச்சப் பிசுக்கையெல்லாம் லோர்னாவே பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பொட்டு விடாமல் தேய்த்தெடுத்தார். ஆல்கஹால் நன்றாக உலர்ந்தபின் மூடியை மாட்டி ஒயரைச் செருகினார்கள். விசிறி சத்தமில்லாமல் ஓடியது. டெல்பர்ட்டின் வாய்க்கு ஒரு பூட்டாக, அதே தட்டில் வாழைப்பழ ரொட்டியை அடுக்கி அனுப்பிவைத்தார் லோர்னா.

"ராத்திரிக்கு மீன் ஏதாவது மாட்டுதான்னு பாத்துட்டு வரேன்," என்று வெண்டலும் கிளம்பினார்.

உறைந்த ஏரியின்மேல் நடந்து, குடிலுக்குள் போய், கதவைச் சாத்தித் தாழ் போட்டார். தூண்டில் பெட்டிக்கு அடியிலிருந்து ஒன்றை உருவிப் பற்றவைத்தார். குடில் தப்பித்த சந்தோஷத்தில் ஆழமாக ஓர் இழுப்பு. இரண்டாவது இழுப்பு பாதியில் நின்றது.

அவர் ஊதுவது குளிர்காலத்தில் இந்தக் குடிலில், கோடையில் நடு ஏரிப் படகில். சபதத்துக்கு அப்புறம் வீட்டுக்குள் ஒரு தடவைகூடப் பற்றவைத்ததில்லை!

"லோர்னா! ஒழிஞ்சது உன் பிங்கோ!" என்று கத்திக்கொண்டே கரையைப் பார்த்து ஓடிய வெண்டல், பாதி வழியில் அப்படியே நின்றார்: அது தன் புகை இல்லை என்று காட்ட வேண்டுமானால், தன் புகை எங்கே இருக்கிறது என்பதை முதலில் காட்டியாக வேண்டுமே!